சிவப்புக் காரும் இரண்டு குழுக்களும்

எங்கள் வீட்டில் கார் என் மனைவியுடையது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவன். இதைச் சொன்னால் அப்போது சின்னமனூரில் யாரும் நம்பியதில்லை. நான் அரசு கால்நடை மருத்துவர், அவள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. சிவப்பு நிறத்தில், மேலே கூரை இல்லாமல், இரண்டே இரண்டு சீட்டோடு ஒரு கார் தெருவில் நின்றால், அது டாக்டருடையது என்றுதான் ஊர் முடிவுகட்டியது. சாவி யார் கையில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

கார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் கணக்கராக இருந்தவர். எஸ்டேட் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது, இங்கிலாந்தில் செய்த அந்தக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். மாமனார் அதைச் சில வருஷம் ஓட்டினார். பிறகு கம்பத்து வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். 2003 வாக்கில் அவளுடைய அண்ணன் கொட்டகையை இடித்துக் கடைகள் கட்ட நினைத்தார். காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று போனில் கேட்டார்.

"போடாதண்ணே. நான் எடுத்துக்கிறேன்" என்றாள் இவள். போனை வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"உன்னால அத ஓட்ட முடியுமா?" என்றேன்.

"ஓட வைக்க முடியுமான்னு முதல்ல கேளுங்க" என்றாள்.

ஓட வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தேனியில் ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிற நல்ல மனிதர் அவர். அவர் தெரியாது என்று சொன்ன இடங்களில் எல்லாம் என் மனைவி இணையத்தில் தேட ஆரம்பித்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேனிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தோம். அவள் படிப்பாள், நான் பக்கத்து ஸ்டூலில் பேப்பர் பார்ப்பேன். பிறகு வீட்டுக்கே கம்ப்யூட்டர் வாங்கினோம். மோடம் கிரீச்சிட்டு முடிந்து பக்கம் திறப்பதற்குள் அவள் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வந்துவிடுவாள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கென்று உலகத்தில் இத்தனை குழுக்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அமெரிக்காக்காரர்கள் நடத்திய ஒன்றில் கொஞ்ச நாள் இருந்தாள். அங்கே யார் எந்தப் படத்தைப் போட்டாலும் அருமை, அருமை என்று நாற்பது பேர் எழுதுவார்கள். இவள் ஒருமுறை ஆயில் ஒழுகுகிற இடத்தைப் படமெடுத்துப் போட்டாள். அதற்கும் அருமை என்று வந்தது. அத்தோடு விட்டுவிட்டாள். கடைசிவரை அவள் தங்கியது இரண்டு குழுக்களில்தான்.

ஒன்று இங்கிலாந்துக்காரர்களுடையது. அதில் நுழைவது ஒரு கண்டிப்பான பள்ளிக்கூடத்தில் சேர்வது போலத்தான். கேள்வி கேட்பதற்கு முன் பழைய பதில்களைத் தேடிப் படித்திருக்க வேண்டும். படிக்காமல் கேட்டால் ஒருவர் வந்து, இது போன மாதமே பேசி முடித்தது என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒருவர் பெரும்பாலும் வேல்ஸில் இருந்த ஒரு பெரியவராக இருப்பார். வணக்கம் சொல்ல மாட்டார், பெயர் போட்டு முடிக்க மாட்டார், மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டார். முதல் மாதம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோது இவள் முகம் சுருங்கிப் போனது. ஆனால் அவர் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் அவரிடம் இருந்து பதில் வராவிட்டால்தான் இவளுக்குக் குறையாக இருந்தது.

இன்னொன்று நம் நாட்டுக்காரர்களின் மின்னஞ்சல் குழு. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று பல ஊர் ஆட்கள். இங்கே தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. ஒரே கேள்வியை வாரம் ஒருவர் கேட்பார், வாரம் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதுவார். பண்டிகைக்கு வாழ்த்து, பிள்ளை பாஸானதற்கு வாழ்த்து, நடுவில் கார்புரேட்டர். யாராவது வழியில் நின்றுவிட்டால் பத்து போன் நம்பர் வரும். எங்கே நிற்கிறீர்கள், என் மச்சான் வீடு பக்கத்தில்தான், ஆளனுப்புகிறேன் என்று எழுதுவார்கள். ஆளும் வருவார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது குமுளி மலைப்பாதையால்தான். கீழே இருந்து ஏறும்வரை கார் நன்றாகப் போகும். மேலே செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால் கிளம்பாது. அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். இவள் ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு இடத்திலும் போட்டாள்.

நம் குழுவில் சாயந்திரத்துக்குள் பதில்கள் குவிந்தன. ஈரத் துணியைப் பெட்ரோல் பைப்பில் சுற்றுங்கள் என்றார் ஒருவர். காலையிலேயே மலை ஏறிவிடுங்கள் என்றார் இன்னொருவர். குமுளியில் நல்ல பரோட்டா எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு பேர் கார் விலைக்கு வருமா என்று விசாரித்தார்கள்.

இங்கிலாந்துக் குழுவில் ஒரு நாள் முழுக்கச் சத்தமே இல்லை. மறுநாள் வேல்ஸ்காரர் எழுதினார்: "படம் அனுப்பவும்." அனுப்பினாள். "கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு தகடு இருக்க வேண்டும். உங்களுடையதில் இல்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள். செய்து மாட்டவும்." அதன் கீழே கையால் வரைந்த படம், அளவுகளோடு. தேனியில் பீரோ செய்கிற பட்டறையில் கொடுத்து அந்தத் தகட்டை அடித்து வாங்கினோம். சூடு ஒட்டாமல் இருக்க ஒரு பட்டையும் வைத்து மெக்கானிக் மாட்டித் தந்தார். அதற்கப்புறம் செக்போஸ்ட்டில் கார் ஒருநாளும் அடம் பிடிக்கவில்லை. நான் பரோட்டாக் கடையைப் பற்றிய பதிலையும் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"எந்தக் குழு ஒசத்தி?" என்று அன்று வரும் வழியில் கேட்டேன்.

"அவுக காரப் பாக்குறாக. இவுக நம்மளப் பாக்குறாக" என்றாள். கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்துக்கொண்டே, "ரெண்டும் வேணும்ங்க" என்றாள்.

ஆனால் அப்படிப் பார்ப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. இங்கிலாந்துக் குழுவில் அவள் வெறும் இனிஷியல் எழுத்துகளைத்தான் பெயராகக் கொடுத்திருந்தாள். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஆண்கள் தங்களுக்குள் நண்பா என்கிற மாதிரிச் சொல்லும் 'மேட்' என்ற வார்த்தையால் கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நம் குழுவில் முறைப்படி தன்னை அறிமுகம் செய்துகொண்டாள், ஆசிரியை, இன்ன ஊர், கணவர் கால்நடை மருத்துவர் என்று. உடனே எல்லோருக்கும் தங்கையாகிவிட்டாள். வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கிளட்ச்சைப் பற்றி அவள் கேட்டால் பதில் எனக்கு வரும்.

வீட்டுக்கு போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். "சார் இருக்காங்களா? கிளட்ச் விஷயமாப் பேசணும்" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே ரிசீவரை என்னிடம் நீட்டுவாள். நான் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க, சரிங்க" என்பேன். அவர்கள் சொல்வதை வார்த்தை பிசகாமல் அவளிடம் ஒப்பிப்பேன், அவள் கேட்கிற எதிர்க்கேள்வியை அவர்களிடம் ஒப்பிப்பேன். ஒரு தடவை, "நீங்களே அவுககிட்டப் பேசிக்கங்களேன், நான் சாப்பிட்டு வந்துர்றேன்" என்று ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எதிர்முனையில் இருந்தவர் வீட்டாரை விசாரித்து, மழையை விசாரித்து, சார் வரட்டும் என்று காத்திருந்தார்.

அவள் இதற்கெல்லாம் கோபப்படவில்லை என்று சொன்னால் பொய். கோபம் வரும். அன்றைக்குச் சட்னியில் காரம் கூடும். ஆனால் குழுவை விட்டு விலகவில்லை. "கெட்ட மனுஷன் ஒருத்தரும் இல்லைங்க. யோசிக்கல, அவ்வளவுதான்" என்பாள்.

இப்படி இருக்கும்போது நம் குழுவில் ஒரு பயணம் போட்டார்கள். கோயம்புத்தூரில் கிளம்பித் தேக்கடி வரை, ஏழெட்டுக் கார்கள். வழியில் சின்னமனூரில் எங்களோடு மதியச் சாப்பாடு. என் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் பந்தல் போட்டு, மார்க்கையன்கோட்டையில் இருந்து சமையல்காரரை வரவழைத்தோம். அவள் விடிந்ததில் இருந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். தோப்புக்குள் வரிசையாக அந்தக் கார்கள் நின்ற அழகை நான் மறக்க மாட்டேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். "டாக்டரய்யா, இத்தனை வண்டி வந்துருக்காக, ஒண்ணுக்குக்கூட கூரை இல்லையே, மழ வந்தா என்ன செய்வாக?" என்று ஒருவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நல்ல கேள்விதான்.

வந்தவர்களில் ஆண்கள் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கம்ப்ரஷன் எப்படி இருக்கிறது, எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். "மாடுன்னா சொல்லிருவேங்க. இது அவுக வண்டி, அவுகளக் கேளுங்க" என்று கையைக் காட்டினேன். ஒருவர் பலமாகச் சிரித்தார். நான் தன்னடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

அவர்களில் கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் இருந்தார். குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். அன்பான மனிதர். எங்களுக்கு வந்த போன்களில் பாதி அவருடையது. பால் வெள்ளைக் காரில் மனைவியோடு வந்திருந்தார். அந்தக் கார் தேவதானப்பட்டி தாண்டியதில் இருந்து வழியெல்லாம் நின்று நின்று வந்திருக்கிறது. கொஞ்சத் தூரம் ஓடும், இருமும், நிற்கும். கால் மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். வெள்ளைக் கார் உத்தமபாளையம் ரோட்டில் கொஞ்சத் தூரம் போய் நின்றது. வாழைத்தார் ஏற்றப் போன ஒரு டிராக்டரில் கயிறு கட்டித் தோப்புக்கே இழுத்து வந்தார்கள். மற்றக் கார்களும் பின்னாலேயே திரும்பிவிட்டன. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் போவது அந்தக் குழுவில் கிடையாது.

தென்னை மரத்தடியில் ஜமக்காளம் விரித்து அதன்மேல் காரின் உறுப்புகளைப் பரப்பினார்கள். ஒருவர் பிளக்குகளைக் கழற்றினார். ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்தார். பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்பட்டார்கள், காயிலைச் சந்தேகப்பட்டார்கள். என் மனைவியும் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் பிடிபடவில்லை. பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். தோப்பு வாசல் தாண்டி மறுபடி நின்றது.

அவள் என்னிடம் வந்து, "இப்ப இங்கிலாந்துல காலைல பத்து பதினொண்ணு இருக்கும். நான் வீட்டுக்குப் போய் எழுதிப் போட்டுட்டு வர்றேன்" என்றாள். சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மில்காரரின் மனைவி, "நானும் வாரனுங்க" என்று ஓடிப்போய் என் சீட்டில் ஏறிக்கொண்டார். தோப்பு வாசலில் திரும்பும்போது அவர் தலைமுடி பறக்க எங்களுக்குக் கையாட்டினார்.

அவர்கள் திரும்பி வரும்போது நாங்கள் இரண்டாம் சுற்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி இறங்கி நேராகக் கூட்டத்துக்கு நடுவே வந்தாள்.

"பதில் வந்துருச்சுங்க. வேல்ஸ்ல ஒருத்தர் இருக்காக. அவுக திருப்பி ஒரு கேள்வி கேக்குறாக."

"என்னங்க கேக்கறாரு?" என்றார் மில்காரர்.

"எட்டுப் பேரு கழட்டியிருக்கீங்க, கடைசியா எத மாத்துனீங்கன்னு ஒருத்தர்கூட கேக்கலையான்னு."

மில்காரர் விரல் விட்டு எண்ணினார். "டயர் மாத்துனனுங்க. சீட்டுத் துணி மாத்துனனுங்க. பேட்டரி புதுசு. வேற ஒண்ணுமில்லீங்க."

"ஏனுங்க" என்றார் அவர் மனைவி, கலைந்த முடியை ஒதுக்கியபடி. "அந்த மூடி?"

பயணத்துக்காகப் பெட்ரோல் டேங்குக்குப் புது மூடி வாங்கிப் போட்டிருந்தார். பளபளவென்று, பூட்டும் சாவியும் வைத்தது. அவரே போய்த் திறந்தார். டேங்க் பெரிதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. நான் நின்ற இடத்துக்கே கேட்டது. பழைய மூடியில் காற்றுப் போக வழி இருந்திருக்கிறது, புது மூடி இறுக்கி அடைத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று இல்லாமல், பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. நின்று ஆறும்போது எங்கிருந்தோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போக, மறுபடி ஓடியிருக்கிறது. இதை என் மனைவி மரத்தடியில் நின்று, பிளஸ் டூ வகுப்பில் விளக்குவது போல விளக்கினாள். இந்த முறை யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"இப்ப மூடியைத் தொறந்து போட்டுட்டுப் போக முடியாதுங்களே" என்றார் மில்காரர்.

அங்கேதான் எனக்கு வேலை வந்தது. என் பையில் மாட்டுக்கு அறுவை செய்கிற கத்தி இருந்தது. மூடியின் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை வாங்கி, அதில் அரிசி அளவு ஒரு பள்ளம் வெட்டிக் கொடுத்தேன். ஒரு காரில் நான் செய்த ஒரே வைத்தியம் அதுதான். வெள்ளைக் கார் கம்பம் தாண்டி, மலை ஏறி, தேக்கடி போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சாயந்திரம் போன் வந்தது. மணி அடித்ததும் வழக்கம்போல அவள் எடுத்தாள். நான் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். ரிசீவர் வரவில்லை. மில்காரர் அவளிடமே பேசிக்கொண்டிருந்தார். பம்ப்பைப் பற்றி, டேங்க்கைப் பற்றி, நெடுநேரம். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காலண்டரில் தேதி கிழித்தேன்.

அன்று தோப்பில் எடுத்த படம் ஒன்றை அவள் இங்கிலாந்துக் குழுவுக்கு அனுப்பி நன்றி எழுதினாள். நடுவில் நீலச் சேலையில் நிற்பது நான், கத்தியோடு நிற்பது என் கணவர், அவர் மாட்டு வைத்தியர் என்று விவரமும் போட்டாள். இரண்டு வருஷமாக 'மேட்' என்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று அவளுக்கு உள்ளூரப் பதற்றம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கம்ப்யூட்டரைத்தான் திறந்தாள்.

சிலர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் தென்னை மரங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். வேல்ஸ்காரர் வழக்கம்போல வணக்கம் இல்லாமல் எழுதியிருந்தார்: "உங்களை ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி என்று நினைத்திருந்தேன். படத்தில் உங்கள் பின்னால் பானெட் திறந்து நிற்கும் சிவப்புக் காரின் ரேடியேட்டர் குழாயில் இருக்கும் கிளிப் தவறானது. மாற்றவும்."

அவள் அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் படித்துக் காட்டினாள். எழுந்து போய்ப் பானெட்டைத் திறந்து பார்த்தாள். கிளிப் தவறானதுதான்.

பிறகு வந்த வருஷங்களில் அந்த மின்னஞ்சல் குழு மெலிந்தது. ஆட்கள் புதுப்புது இணையதளங்களுக்குப் போனார்கள். இங்கிலாந்துக் குழு அப்படியே கண்டிப்பாக நடந்துகொண்டிருந்தது. இவள் அதில் புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் எழுதுகிறவளாக ஆகியிருந்தாள். முதலில் தேடிப் படியுங்கள் என்று அவளும் எழுதத்தான் செய்தாள், ஆனால் வணக்கம் போட்டு எழுதினாள்.

நம் குழு மெலிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு புது உறுப்பினரின் மின்னஞ்சல் வந்தது. கோயம்புத்தூரில் இருந்து மில்காரரின் மனைவி. தன் பெயரிலேயே சேர்ந்திருந்தார். குழு முழுவதற்கும் தெரிகிற மாதிரி, கணவரும் படிப்பார் என்று தெரிந்தே, கேட்டிருந்தார்: வெள்ளைக் காரை நான் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கிளட்ச் காலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் நகர்த்த வழி உண்டா?

யாரும் பதில் எழுதுவதற்கு முன்னால் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளம், அதில் துரு ஏறியிருந்தால் என்ன செய்வது, முதுகுக்கு எந்த மாதிரித் தலையணை வைப்பது, முதல் நாள் எந்த மாதிரி ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது என்று எழுதிக்கொண்டே போனாள். நடுவில் எழுந்து போய்த் தன் காரில் அளவு எடுத்துவிட்டும் வந்தாள்.

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"மாவு இருக்குங்க" என்றாள், திரும்பாமல்.

நான் போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.